மாஷா அல்லாஹ் என்று சொல்லிவிட்டு நகர்ந்தோம்



சென்ற ஆண்டு ஷஃபான் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. அஸர் தொழுகைக்குப் பிந்திய ஓதல் வகுப்பு முடிந்து, சிறுவர்கள் ரைஹால் பலகைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அப்போது எமது பழைய மாணவர் ஒருவர் கோணியில் சுற்றிய ஒரு பொருளைத் தோளில் சுமந்து உள்ளே வந்தார். பக்கத்து நகரத்துப் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் இறுதியாண்டு படிப்பவர். வகுப்பை விட்டுப் போய் மூன்று ஆண்டுகள் ஆகியும் வியாழன் மாலைகளில் வந்து பின்வரிசையில் அமர்ந்து ஒரு பக்கமேனும் ஓதிவிட்டுப் போவது அவர் வழக்கம். அன்று அவரோடு கூடப் படித்த நால்வரும் வந்திருந்தார்கள்.

கோணியைப் பிரித்ததும் சிறுவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். ஒன்றரை முழ நீளத்தில், அடி தடித்து நுனி சிறுத்த ஒரு கை தரையில் கிடந்தது. பாம்பு என்றான் ஒருவன். யானைத் தும்பிக்கை என்றான் மற்றொருவன். “பேய்க்கணவாயோட கை” என்று திருத்திவிட்டு, மாணவர் பலகையில் பொருத்தியிருந்த பிடியைச் சாய்த்தார். தரையில் கிடந்தது தலைதூக்கி, வளைந்து, நுனியால் காற்றைத் தடவியது. ஏழு வயதுப் பிள்ளை ஒன்று எமது ஜுப்பாவைப் பற்றிக்கொண்டது. உண்மையைச் சொல்வதானால் நாமும் சற்று விலகித்தான் நின்றோம்.

உள்ளே இருந்தது இவ்வளவுதான். மோட்டார் சைக்கிளின் ஸ்பீடோமீட்டர் கேபிளிலிருந்து உருவிய வளையும் உள்கம்பி ஒன்று முதுகெலும்புபோல் நடுவில் ஓடியது. அதில் 16 அக்ரிலிக் வட்டுகள் கோக்கப்பட்டிருந்தன. அடிவட்டு உள்ளங்கை அகலம். நுனிவட்டு ஒரு ரூபாய் நாணயத்தின் அளவு. ஒவ்வொரு வட்டின் விளிம்போரமும் நான்கு துளைகள். அவற்றின் வழியே சைக்கிள் பிரேக் கம்பிகள் நான்கு ஓடி, நுனிவட்டில் மட்டும் இறுக்கப்பட்டிருந்தன. மேற்கம்பியை இழுத்தால் கை மேலே வளையும்; இடக்கம்பியை இழுத்தால் இடப்புறம் திரும்பும்; இரண்டையும் சேர்த்து இழுத்தால் மூலைக்குச் சாயும். மின்சாரம் இல்லை, மோட்டார் இல்லை. பிடியை ஆட்டுபவரின் விரல்கள்தாம் அதன் உயிர். திரைப்படங்களில் வரும் இயந்திரப் பிராணிகளின் வால்களை இம்முறையில் செய்கிறார்கள் என்றும், மருத்துவமனையில் வயிற்றுக்குள் செலுத்தும் எண்டோஸ்கோப் குழாயின் நுனி திரும்புவதும் இதே கம்பி இழுப்பால்தான் என்றும் அவர் விளக்கினார். இரண்டாவது செய்தி எமக்குப் புதிது.

அடுத்த மாதம் கல்லூரியில் அதைக் காட்ட வேண்டும். அதற்கு முன் கூடப் படித்தவர்களிடம் காட்டிக் குறைகளைக் கேட்டுக்கொள்ள வந்திருந்தார். “நல்லா இருக்குன்னு மட்டும் யாரும் சொல்லாதீங்க” என்பது அவர் முதலிலேயே இட்ட நிபந்தனை.

மாணவர்கள் அதை மதித்தார்கள். நால்வரில் ஒருவர் தம் காக்காவின் இருசக்கர வாகனப் பட்டறையில் வேலை செய்பவர். அவர் பிடியை வாங்கி இருமுறை ஆட்டிப் பார்த்தார்; பின்னர் வட்டுகளின் துளைகளை நகத்தால் தடவினார். துளைகளின் ஓரம் கூர்மையாக இருப்பதாகவும், நூறு முறை இழுத்தால் கம்பி நார்நாராகப் பிரிந்துவிடும் என்றும் சொன்னார். துளைக்குத் துளை சிறு பிளாஸ்டிக் குழாய் வைத்தால் உராய்வும் குறையும். அத்தோடு, வளைவு கூடக் கூடக் கம்பி வட்டுகளின் மேல் அழுந்துவதால்தான் கடைசியில் இழுப்பு கனக்கிறது. பிரேக் கேபிளைச் சுருட்டி மாட்டிய வண்டியில் பிரேக் இறுகுவதும் இதனால்தான் என்றார். அவர் கண்டுபிடித்த பெரிய குறை வேறொன்று. ஒரு பக்கக் கம்பியை இழுக்கும்போது எதிர்ப்பக்கக் கம்பி அதே அளவு விட்டுக்கொடுக்க வேண்டும். இந்தப் பிடியில் எதிர்க்கம்பி குறைவாகவே விட்டுக்கொடுத்து, பிறகு ஒரேயடியாகத் தளர்ந்தது. கை வெட்டி வெட்டி அசைந்ததற்கு அதுவே காரணம்.

இரண்டாமவர் கடலோடியின் மகன். அவர் இயந்திரத்தைத் தொடவே இல்லை. குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “உயிரோட இருக்கறது இப்படி வளையாது” என்றார். வாப்பாவின் வள்ளத்தில் பேய்க்கணவாய் எத்தனையோ முறை அவர் மணிக்கட்டைச் சுற்றியிருக்கிறது. அது எதையேனும் எட்டிப் பிடிக்க நீளும்போது, வளைவு அடியில் தொடங்கி நுனியை நோக்கி அலைபோல ஓடும். கை நீளும்போது மெலியும், சுருங்கும்போது தடிக்கும். இதுவோ அடியிலிருந்து நுனிவரை ஒரே வில்லாக வளைகிறது. ஆகவே இது தூண்டில் முள், கை அன்று என்பது அவர் தீர்ப்பு.

பின்னர் இதைப் பற்றி நாம் தேடி வாசித்தோம். அவர் மணிக்கட்டால் அறிந்திருந்தது முழுவதும் சரி. பேய்க்கணவாயின் கையில் எலும்பே கிடையாது. தசைகளின் மொத்தக் கொள்ளளவு மாறாதபடி ஒரு பக்கம் இறுகினால் மறுபக்கம் நீளும். எமது நாவும் யானையின் தும்பிக்கையும் இவ்வகைப் படைப்புகளே. அதன் ஏறத்தாழ 50 கோடி நரம்பணுக்களில் மூன்றில் இரண்டு பங்கு தலையில் இல்லை, எட்டுக் கைகளில் இருக்கின்றன. ஸுப்ஹானல்லாஹ். மீன்கடையில் நாம் விலை கேட்டுவிட்டுக் கடந்துபோகும் பிராணி அது.

அன்றைய மாலைக்குத் திரும்புவோம். அந்த வில் வளைவுக்கு என்ன செய்வதென்று அவர்களுக்குள் பேச்சு எழுந்தது. நான்கு கம்பிகளை நடுவட்டோடு நிறுத்திவிட்டு, வேறு நான்கை நுனிவரை கொண்டுபோனால் கை இரு பகுதிகளாகிவிடும். அடி ஒரு பக்கமும் நுனி எதிர்ப்பக்கமும் வளையும் என்று பட்டறை மாணவர் யோசனை சொன்னார். எட்டுக் கம்பிகள், இரண்டு பிடிகள். செய்தவர் முகம் வாடியது. வேலையை அடியிலிருந்து தொடங்க வேண்டுமென்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் பையிலிருந்து நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். ஏழு வயதுப் பிள்ளையும் தன் பங்குக்கு, “இது ஏன் கிளுகிளுன்னு சத்தம் போடுது?” என்று கேட்டது. வட்டுகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம். அதுவும் நோட்டில் ஏறியது.

இதற்கிடையே தொழுகைக்கு முன்னதாகவே வந்திருந்த பெரியவர் ஒருவர் வாசலில் நின்று, உயிருள்ளதுபோல் ஒன்றைச் செய்வது ஹராம் இல்லையா என்று வினவினார். நியாயமான கேள்வி. உருவம் சமைப்பதைக் கண்டிக்கும் ஹதீஸ்களை நாம் இலேசாகக் கடந்துவிட முடியாது. ஆனால் சிலையின் தலையை நீக்கி மரத்தைப் போன்றதாக்கிவிடும்படி ஜிப்ரீல் (அலை) அவர்கள் அறிவித்த செய்தியும், சிறுமியாயிருந்த அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பொம்மைகள் வைத்து விளையாடிய செய்தியும் ஹதீஸ் நூல்களில் உள்ளன. எது இல்லாமல் உயிர் தரிக்காதோ அது நீக்கப்பட்ட உருவம் விலக்கப்பட்ட உருவமாகாது என்பது எமது ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர்கள் பலர் கூறியது. தலையும் உடலும் இல்லாத ஒற்றைக் கை இது என்று சொன்னோம். நாம் முஃப்தி அல்ல. ஐயம் நீங்காவிட்டால் தகுந்த ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னோம். பெரியவர் தலையசைத்துவிட்டு உள்ளே வந்து, பிடியைத் தாமும் ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். சிறுவர்கள் சிரித்தார்கள்.

பிறகு மாணவர் எம் பக்கம் திரும்பினார். “ஹஜரத், நீங்க சொல்லுங்க.”

“மாஷா அல்லாஹ். அருமை வாப்பா. அல்லாஹ் பரக்கத் செய்வான்” என்றோம். தோளைத் தட்டிக் கொடுத்தோம். மஃரிபுக்கு நேரம் நெருங்கிவிட்டதை நினைவூட்டினோம்.

அவர் ஒளூச் செய்ய ஹவ்ளுக்குப் போனார். அந்த இடைவெளியில் அதுவரை வாய்திறவாமல் இருந்த ஒரு மாணவர், “வீடியோவைப் பார்த்துச் செஞ்சதுதானே, இதுல என்ன பெரிய விஷயம் இருக்கு?” என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். நாம் கேட்டுக்கொண்டே சிறுவர்களை ஸஃப்பில் நிற்கும்படி ஏவிக்கொண்டிருந்தோம். ஒன்றும் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டபடி வாசலில் நின்றிருந்தார்.

அடுத்த வியாழன் அவர் வரவில்லை. அதற்கடுத்த வியாழனும் வரவில்லை.

அந்த இரண்டு வாரங்களும் எமது மனத்தில் அந்த ஏளனச் சொல்லே உறுத்திக்கொண்டிருந்தது. புறம் என்பது என்ன என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துபவர்கள் நாம். உம் சகோதரர் வெறுக்கக்கூடியதை அவர் இல்லாதபோது சொல்வது. அது உண்மையாக இருந்தாலும் புறமே என்பதைப் பத்து வயதுப் பிள்ளையும் ஒப்பிக்கும். இமாம் கஸ்ஸாலி அவர்கள் இஹ்யாவில் இந்த வரம்பை ஒருவரின் உடையையும் வீட்டையும் சவாரிப் பிராணியையும் பழிப்பது வரைக்கும் விரித்துக் காட்டுகிறார்கள். அப்படியானால் அவர் கைப்பட இழைத்த பொருள்? ஒரே விஷயத்தை அவர் முன்னிலையில் சொன்ன மூவர் அவருக்கு உதவினார்கள். அவர் முதுகுக்குப் பின் சொன்னவர் அவரைச் சிறுமைப்படுத்தினார். வாய் மூடி நின்ற ஆசிரியருக்கு இதில் என்ன பங்கு என்று எண்ணிப் பார்க்க எமக்கு அச்சமாக இருந்தது. சொன்ன மாணவரைத் தனியே அழைத்துப் பேசினோம். அவர் தலைகுனிந்தார், மன்னிப்புக் கேட்பதாக வாக்களித்தார்.

மூன்றாம் வாரம் அந்த மாணவரின் வீட்டுக்கே போனோம். வாப்பா வளைகுடாவில், உம்மா தாழ்வாரத்தில் நாற்காலி போட்டுத் தேநீர் அனுப்பினார்கள். மாணவர் கொல்லையில் இருந்தார். பழைய கையைப் பிரித்து, வட்டுகளைச் சாக்கில் வரிசையாகப் பரப்பியிருந்தார். நாம் அந்த ஏளனப் பேச்சை எடுத்து, அதைத் தடுக்காதது எமது தவறு என்று சொல்லத் தொடங்கினோம்.

அவர் இடைமறித்தார். “அது கிடக்கட்டும் ஹஜரத். அவன் சொன்னது சரிதான், வீடியோவைப் பார்த்துத்தான் செஞ்சேன். அவன் மறுநாளே வந்து மாப்புக் கேட்டுட்டான்.” சற்று நிறுத்தி, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “எல்லாரும் இழுத்துப் பார்த்தாங்க. அந்தப் பெரியவர்கூட இழுத்துப் பார்த்தாரு. நீங்கதான் இழுத்துக்கூடப் பார்க்கலை.”

எமக்கு விடை இல்லை.

அவர் தொடர்ந்தார். ஓதல் வகுப்பில் ‘ளாத்’ எழுத்துக்காக ஒரே ஆயத்தில் பதினொரு முறை தம்மை நிறுத்தியவர் இந்த ஹஜரத் என்று வீட்டில் இன்றும் சொல்லிக்கொள்வாராம். ஒருவர் தம் தவறை விடவே மாட்டார் என்ற உறுதியில்தான் அந்தப் பொருளை மதரஸாவுக்குத் தூக்கி வந்தாராம். “மாஷா அல்லாஹ் சொல்லிட்டு நீங்க நகர்ந்ததும், இதை ஒரு விஷயமாவே நீங்க நினைக்கலைன்னு தோணுச்சு.”

வீடு திரும்பும் வழியெல்லாம் எமது மனம் வாதாடியது. கேபிளும் வட்டும் எமக்கு என்ன தெரியும்? தெரியாத துறையில் கருத்துச் சொல்வது முறையா? நல்ல சொல்லால் ஒரு பிள்ளையை ஊக்கப்படுத்தியது குற்றமா? மாஷா அல்லாஹ் என்பதோ குர்ஆனின் சொல். ஸூரத்துல் கஹ்ஃபில் தோட்டங்களின் செருக்கில் இருந்தவனிடம் அவன் தோழர், தோட்டத்துக்குள் நுழைந்தபோது நீ இதைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்கிறார். தோட்டத்தைக் கண்ணால் கண்டு, அதைத் தந்தவனை நினைத்துச் சொல்ல வேண்டிய சொல் அது. நாமோ தோட்டத்தைப் பார்க்காமலே சொன்னோம். பேச்சை முடித்துக் கதவைச் சாத்த அதைப் பயன்படுத்தினோம். சொல்லில் குறை இல்லை. முகத்துக்கு நேராக ஒருவரைப் புகழ்ந்தவரிடம், தோழரின் கழுத்தை வெட்டிவிட்டீர் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி புகாரியில் உள்ளது. மிகையான புகழ்ச்சிக்கு மட்டுமே அதைப் பொருத்தி நாம் பாடம் சொல்லி வந்தோம். அக்கறையில்லாத புகழ்ச்சியும் அதே கத்தியைத்தான் பிடித்திருக்கிறது என்று அன்று பட்டது.

மார்க்கம் என்பதே நஸீஹத் என்ற ஹதீஸை, தமீமுத்தாரி (ரலி) அவர்கள் வழியாக முஸ்லிம் பதிவு செய்கிறார்கள். இமாம் நவவி அவர்கள் அதற்கு எழுதிய விரிவுரையில், நஸீஹத் என்ற சொல்லின் வேர் குறித்து முன்னோர் கூறிய இரண்டு விளக்கங்களைத் தருகிறார்கள். ஒன்று, கிழிந்த ஆடையைத் தைப்பது. மற்றொன்று, தேனை மெழுகிலிருந்து பிரித்துத் தூய்மையாக்குவது. தைப்பவர் கிழிசல் எங்கே இருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்தாக வேண்டும். பட்டறை மாணவர் துளைகளை நகத்தால் தடவியது எமது கண்முன் வந்து நின்றது. ஊசியும் குத்தத்தான் செய்யும். ஆனால் அது கிழிப்பதற்காகக் குத்துவதில்லை.

ஓதலில் இது எமக்கு இயல்பாக வருகிறது. ‘ளாத்’ நாவின் பக்க விளிம்பு மேல் கடைவாய்ப் பற்களைத் தொட்டு வர வேண்டும், வரவில்லையென்றால் நிறுத்துகிறோம். இருவர் இருவராக அமர்த்தி ஒருவர் ஓத மற்றவரைக் கேட்கச் செய்கிறோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே ஒவ்வொரு ரமலானிலும் ஜிப்ரீல் (அலை) அவர்களோடு குர்ஆனை ஓதிப் பரிமாறிக்கொண்டார்கள். இறுதி ஆண்டில் இருமுறை. எந்த மாணவரும் அங்கே நிறுத்தப்பட்டதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை. எமது காது அவர்மீதே இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். மதரஸாவின் பாய்க்கு வெளியே அந்தக் காதை ஏன் கழற்றி வைத்துவிடுகிறோம்?

எமக்குத் தெரிந்த வழியில் ஏதேனும் செய்யலாமென்று, அந்த வாரம் பழைய முஸ்லிம் பொறியாளர்களைப் பற்றித் தேடிப் படித்தோம். 9ஆம் நூற்றாண்டு பக்தாதில் பனூ மூஸா எனப்படும் மூன்று சகோதரர்கள் விந்தை இயந்திரங்களைப் பற்றி ஒரு நூல் செய்தார்கள். அதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின், தியார்பக்கிரில் அர்துகி அரசவையில் பணியாற்றிய அல்ஜஸரி, தாம் வடிவமைத்த 50 கருவிகளை விவரிக்கும் நூலை 1206இல் முடித்தார். யானைக் கடிகாரம் அதில் உள்ளதுதான். அவர் பனூ மூஸாவை மதிப்போடு குறிப்பிடுகிறார்; முன்னோடிகள் என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் அவர்களின் நீரூற்றுகள் வடிவம் மாறுவதற்கு விட்ட இடைவெளி மிகக் குறுகியது, பார்ப்பவர் மாற்றத்தை உணர்வதற்குள் அது மாறிவிடும் என்ற குறையையும் சொல்கிறார். பிறகு அந்த இடைவெளியை நீட்டும் வழியை அவரே செய்து காட்டுகிறார். எப்போதோ மறைந்துவிட்ட மனிதர்களின் வேலையை இவர் எவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்கிறார்! நாம் ஐந்தடி தொலைவில் நின்றதைப் பார்க்கவில்லை.

இதை அந்த மாணவருக்குச் சொன்னோம். அவர் ஆர்வமாகக் கேட்டார். நீரூற்றின் பொறிமுறை எப்படி என்று வினவினார். எமக்கு முழுவதும் விளங்கவில்லை என்று ஒப்புக்கொண்டோம். அதற்கு அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எமக்குப் பெரும் ஆறுதல்.

ரமலான் பிறந்து இரண்டாம் வாரத்தில் புதிய கை வந்தது. இரு பகுதி, எட்டுக் கம்பி. துளைகளில் வெள்ளைக் குழாய்கள். வட்டுகளுக்கு இடையே சத்தம் வராமல் இருக்க மெல்லிய ஸ்பாஞ்ச். எதிரெதிர்க் கம்பிகள் ஒரே சாயும் தட்டின் இரு முனைகளில் பிணைக்கப்பட்டிருந்ததால் ஒன்று இழுபடும் அளவே மற்றது விட்டுக்கொடுத்தது. நோன்பு திறக்க அரைமணி இருந்தது. கஞ்சிச் சட்டியின் மணம் முற்றத்தில் பரவியிருந்தது. கடலோடியின் மகன் முன்னால் வந்து குந்தினார். அடி இடப்புறம் வளைய, நுனி வலப்புறம் சுருண்டது. அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, “இப்ப பாதி உயிர் வந்திருக்கு” என்றார். நீளவும் மெலியவும் இல்லையே என்று உடனே சேர்த்துக்கொண்டார். கம்பியால் அது முடியாது, காற்றோ நீரோ அடைத்த குழாய் வேண்டும் என்று அவர்களுக்குள் மறுபடி விவாதம் மூண்டது. வீடியோப் பேச்சுப் பேசிய மாணவர் இம்முறை நடுவில் அமர்ந்து கம்பி முடிச்சுகளை ஒவ்வொன்றாக இழுத்துச் சோதித்துக்கொண்டிருந்தார்.

நாம் ஜுப்பாவின் கைகளை மடித்துக்கொண்டு, யாரும் அழைக்காமலே பிடிகளின் முன் அமர்ந்தோம். இரண்டு பிடிகள், இரு கைகளும் வேண்டும். முதலில் கை எமது சொல்லைக் கேட்கவில்லை. இடப்புறம் போகச் சொன்னால் மேலே எழுந்தது. பிள்ளைகள் கைகொட்டினார்கள். கால்மணி நேரம் விடாமல் ஆட்டினோம். மெல்ல மெல்ல அது வசப்பட்டு, எதிரே இருந்த பேரீச்சம்பழத் தட்டின் விளிம்பைத் தொட்டது.

“சொல்லுங்க ஹஜரத்” என்றார் அவர். நோட்டு திறந்திருந்தது.

இயந்திரவியல் எமக்குத் தெரியாது, ஆனால் விரல் வலிக்கிறது என்றோம். கட்டைவிரலின் அடியில் சிவந்த தடத்தைக் காட்டினோம். பிடி குட்டையாக இருப்பதால் முழு வளைவுக்குக் கொண்டுபோக மணிக்கட்டின் பலம் முழுவதும் தேவைப்படுகிறது. எம் வயதில் ஒருவரால் பத்து நிமிடத்துக்கு மேல் இதை இயக்க இயலாது. வலப்பிடியும் இடப்பிடியும் ஒரே உருவில் இருப்பதால் எது அடிக்கு, எது நுனிக்கு என்று ஒவ்வொரு முறையும் குழம்பினோம். கண்ணை மூடித் தொட்டாலும் வேறுபாடு தெரிய வேண்டும். இடப்பிடி மேல்நோக்கிப் போகும்போது பாதியில் ஓரிடத்தில் சிக்கி விடுபடுகிறது. அவர் கேட்டு, எழுதி, அந்த இடத்தைத் தாமே ஆட்டிப் பார்த்தார். சிக்கியது. இதை மற்ற எவரும் கவனித்திருக்கவில்லை.

“இன்னும் ஏதாவது?”

“இன்னொரு தடவை ஆட்டிப் பார்த்துச் சொல்றோம்” என்று மறுபடி பிடிகளைப் பற்றினோம். பாங்கு சொல்ல இன்னும் ஏழு நிமிடம் இருந்தது.